750க்கு 282: ராம்ஜி சக்பால் தம் மகனிடம் எதிர்பார்த்தது என்ன?

1907ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு மகர் குடும்பத்துப் பிள்ளை மெட்ரிகுலேஷன் தேர்வில் 750க்கு 282 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்தார். விழுக்காட்டில் சொன்னால் நாற்பதுக்கும் கீழே. இன்றைய தேர்வு முடிவு நாளில் இந்த எண்ணோடு ஒரு மாணவர் வீடு திரும்பினால் அவருக்கு என்ன வரவேற்பு கிடைக்கும் என்பதை வாசகர்களே அறிவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் பேசப்படும். கட்டிய கட்டணம் கணக்கிடப்படும். இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டோம் என்ற கேள்வி எழும். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டங்கள் பெற்று, இந்திய அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அமர்ந்த அண்ணல் அம்பேத்கர்.

குறைந்த மதிப்பெண் எடுத்தவரும் உயரலாம் என்று ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த 282க்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு தந்தை இருந்தார். தேர்வு முடிவை அவர் எப்படிப் பார்த்தார், மகனுடைய உழைப்பை எப்படிப் பார்த்தார் என்பது அண்ணலின் வாழ்க்கை வரலாற்றில் நாம் போதிய கவனம் செலுத்தாமல் கடந்து வரும் பகுதி. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த நம் சமூகத்துக்கு அது இன்று மிகவும் தேவைப்படும் பகுதியும்கூட.

படைப் பள்ளி தந்த எழுத்து

ராம்ஜி மாலோஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியவர். புனேயில் ஆசிரியர் பயிற்சி பெற்று, படைப் பள்ளியில் பல ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தவர். சுபேதார் மேஜர் என்ற நிலை வரை உயர்ந்தவர். ஊர்ப் பள்ளிகளின் கதவுகள் மகர்களுக்கு மூடியிருந்த காலத்தில், படையினரின் பிள்ளைகள் ஆண், பெண் வேறுபாடின்றிப் படித்தாக வேண்டும் என்ற விதி படைமுகாம்களில் இருந்தது. மகர் சமூகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சிறு பிரிவு உருவானது இந்த வழியாகத்தான். ராம்ஜியின் கடைசிப் பிள்ளையாக 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில் பீமாராவ் பிறந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. அந்த முடிவை எதிர்த்து அரசுக்கு முறையிட்டவர்களில் ராம்ஜியும் ஒருவர். முறையீடு பலன் தரவில்லை. படை வேலை போனபோது அதனுடன் வந்த பள்ளியும் ஓய்வூதியமும் மதிப்பும் அடுத்த தலைமுறைக்கு இல்லாமல் போயின. ஒரு சமூகத்துக்கு எழுத்து வந்து சேர்ந்த ஒரே வழி தம் கண்முன்னே அடைபடுவதைப் பார்த்தவர் ராம்ஜி. தம் பிள்ளைகளின் படிப்பில் அவர் காட்டிய கண்டிப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கபீர் நெறியைப் பின்பற்றியவர். வீட்டில் மாலைதோறும் பக்திப் பாடல்கள் ஒலிக்கும். பிள்ளைகள் இராமாயணமும் மகாபாரதமும் படித்தாக வேண்டும். இதை ஏன் படிக்க வேண்டும் என்று மகன் கேட்டபோது, தீண்டப்படாதவர்களாகப் பிறந்த தம் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது என்பதைத் தந்தை காரணமாகச் சொன்னதை அண்ணலே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். எளிய நிலையிலிருந்து உயர்ந்த மாந்தர்களை அந்தக் கதைகளில் ராம்ஜி கண்டார். அந்த நூல்களைப் பற்றி மகன் பின்னாளில் முற்றிலும் வேறான முடிவுக்கு வந்தார் என்பதை நாம் அறிவோம். நூல்தேர்வில் தந்தையும் மகனும் வேறுபட்டனர். ஆனால் சாதி முதலில் உடைப்பது ஒரு பிள்ளையின் தன்மதிப்பை. அதைக் காப்பது பெற்றோரின் முதல் கடமை என்ற தந்தையின் புரிதலை மகன் கடைசிவரை கைவிடவில்லை.

சதாராவும் அரையணாவும்

ஓய்வுக்குப் பின் ராம்ஜியின் குடும்பம் சதாராவுக்கு வந்தது. பீமாராவுக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது தாய் பீமாபாய் இறந்துவிட்டார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தந்தையின் சகோதரி மீராபாய் ஏற்றார். பள்ளியில் மற்ற மாணவர்களுடன் உட்கார அனுமதி கிடையாது. தனியாக ஒரு கோணிச் சாக்கு. பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் பணியாளர்கூட அதைத் தொடமாட்டார் என்பதால் ஒவ்வொரு மாலையும் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். தண்ணீர் வேண்டுமானால் பள்ளிச் சேவகர் வந்து ஊற்ற வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை.

1901இல் ராம்ஜி கோரேகாவில் காசாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் அவரைப் பார்க்கப் பிள்ளைகள் புதிய உடைகள் உடுத்தி ரயிலில் புறப்பட்டனர். அவர்கள் வருவதைத் தெரிவிக்கும் கடிதம் தந்தையின் கைக்குச் சேராததால் மசூர் ரயில் நிலையத்தில் யாரும் காத்திருக்கவில்லை. சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி முகம் திருப்பினார். வண்டிக்காரர்கள் மறுத்தனர். இரட்டைக் கூலி பெற்றுக்கொண்டு, பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒருவர் சம்மதித்தார். இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த வயதில் அந்தப் பிள்ளைகள் கற்ற இந்தப் பாடம் எந்த வினாத்தாளிலும் வருவதில்லை. ஆனாலும் மறுநாள் பள்ளிப் பாடத்தைப் படிக்க உட்காரும் மனத்தில் அது இருக்கும்.

இத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளை தொடக்கத்திலிருந்தே விடாமுயற்சியின் உருவமாக இருந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். சதாராவில் பீமாராவுக்குப் படிப்பில் நாட்டமில்லாத காலம் ஒன்று இருந்தது. தந்தை மறுமணம் செய்துகொண்டது மகனுக்குப் பிடிக்கவில்லை. தாயின் நகைகளை வேறொருவர் அணிந்திருப்பதைக் காணச் சகிக்கவில்லை. தந்தையைச் சார்ந்து வாழ்வதைவிடத் தாமே சம்பாதிப்பது மேல் என்று தோன்றியது. பம்பாய் ஆலைகளில் சதாராப் பையன்களுக்கு வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். ரயில் கட்டணத்துக்காக அத்தை இடுப்பில் செருகியிருக்கும் பணப்பையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். மூன்று இரவுகள் முயன்றும் முடியவில்லை. நான்காம் இரவு பை கைக்கு வந்தது. அதற்குள் இருந்தது அரையணா. அதை வைத்துக்கொண்டு பம்பாய்க்குப் போக முடியாது.

அந்தக் குற்றவுணர்விலிருந்துதான், நன்றாகப் படித்து விரைவில் சொந்தக் காலில் நிற்பது என்ற உறுதி தமக்குப் பிறந்ததாக அண்ணல் நினைவுகூர்ந்திருக்கிறார். முயற்சி என்பது சில பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு, சிலருக்கு இல்லை என்று நினைக்கும் பெற்றோர் இந்த நிகழ்வை ஊன்றிப் பார்க்க வேண்டும். துயரமும் கோபமும் வறுமையும் அவமதிப்பும் ஒரு பிள்ளையைப் புத்தகத்திலிருந்து விலக்கும். அப்படி விலகியதை அந்தப் பிள்ளையின் சோம்பல் என்று தீர்ப்பளிப்பது மிக எளிது.

பரேல் அறையில் இரவு இரண்டு மணி

சதாராவிலிருந்து குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில், சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் உறக்கமும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்தான். ராம்ஜியின் ஓய்வூதியம் மாதம் 50 ரூபாய்.

அந்த நெருக்கடிக்குள் ராம்ஜி ஓர் ஏற்பாட்டைச் செய்தார். மகனை மாலையிலேயே உறங்க வைத்துவிடுவார். தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு, எல்லோரும் உறங்கி அறை அடங்கியிருக்கும் நேரத்தில், மகனை எழுப்பி எண்ணெய் விளக்கின் முன் அமர்த்திவிட்டு, அதன் பிறகு தாம் படுப்பார். விடியும்வரை மகனுக்கு அந்த அறையில் அமைதி இருக்கும். தேர்வுக் காலங்களில் இந்த முறை தொடர்ந்தது.

படி, படி என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தாம் உறங்கச் சென்றவர் அல்லர் ராம்ஜி. படிப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த வீட்டில் இடம் இல்லை. இடத்துக்குப் பதிலாக நேரத்தை உருவாக்கினார். அந்த நேரத்துக்கான விலையைத் தம் உறக்கத்தில் செலுத்தினார். முதுமையில் ஓய்வெடுக்க வேண்டிய ஒருவர் மகனின் படிப்பில் தம் உடலையும் ஈடுபடுத்தினார். மகனிடம் உழைப்பை எதிர்பார்க்கும் தகுதி அவருக்கு அதனால்தான் வந்தது.

கற்பிப்பதிலும் அவர் பங்கெடுத்தார். ஹோவார்டின் ஆங்கில வாசக நூல்களையும் தர்க்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடநூல்களையும் மகனுக்குப் பயிற்றுவித்தவர் அவரே. பாடத்துக்கு வெளியே மகன் நூல்களைத் தேடி அலைவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பள்ளிப் பாடம் பின்தங்கிவிடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆயினும் மகன் ஒரு நூலைக் கேட்டால் மறுத்ததில்லை. கையில் பணம் இல்லாதபோது மணமாகிப் பம்பாயில் வாழ்ந்த மகளின் வீட்டுக்குப் போவார். மகளிடம் நாலைந்து ரூபாய் கடன் கேட்பார். மகளிடமும் பணம் இல்லையென்றால் அவருக்குத் திருமணத்தின்போது போட்ட நகை ஒன்றை வாங்கி, மார்வாடிக் கடையில் அடகு வைத்து நூலை வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். தேர்வுக்குப் பயன்படுமா என்று தெரியாத நூல்களுக்காக நகை அடகுக்குப் போன வீடு அது.

தேர்வுத்தாள் அளக்காதவை

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசுப் பள்ளி. சதாராவைவிட நிலைமை மேலாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஒரு நாள் கணக்கொன்றைக் கரும்பலகையில் போடும்படி ஆசிரியர் பீமாராவை அழைத்தார். வகுப்பே பதறி எழுந்தது. கரும்பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் உணவுப் பாத்திரங்கள் இருந்தன. அவற்றை அப்புறப்படுத்திய பிறகுதான் அவர் பலகையைத் தொட முடிந்தது.

இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்க அவர் விரும்பினார். தந்தையின் விருப்பமும் அதுவே. தீண்டப்படாத மாணவருக்குச் சமஸ்கிருதம் கற்பிக்க ஆசிரியர் மறுத்துவிட்டதால் பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. தேர்வெழுதும் மொழியைக்கூடத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கப்படாதவர் அந்தத் தேர்வை எழுதினார்.

இத்தனைக்கும் பிறகு வந்த எண்தான் 282. அதே தேர்வை எழுதிய உயர்சாதி மாணவர் ஒருவரின் வீட்டில் தனி அறையும் தலைமுறைகளாகச் சேர்ந்த நூல்களும் பாடம் சொல்லித்தர உறவினர்களும் இருந்திருக்கலாம். இருவரின் எண்களும் ஒரே பட்டியலில் அச்சாகும். அந்தப் பட்டியலில் இரவு இரண்டு மணிக்கு இடமில்லை; கோணிச் சாக்குக்கும் அடகுக் கடைக்கும் இடமில்லை.

பாராட்டுக் கூட்டத்தை மறுத்த தந்தை

மகர் பிள்ளை ஒருவர் ஆங்கிலக் கல்வியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பது அந்தச் சமூகத்துக்குப் பெரும் செய்தி. பாராட்டுக் கூட்டம் நடத்த வேண்டும் என்று ஊரார் விரும்பினர். இக்கூட்டம் 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்ச்சியை ஒட்டி நடந்ததாக வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது என்று அண்ணல் 1956இல் தாம் எழுதிய முன்னுரை ஒன்றில் குறிப்பிடுகிறார். எந்தத் தேர்வு என்பதில் பதிவுகள் வேறுபடலாம். நமக்கு இங்கு முக்கியமானது ராம்ஜியின் பதில். அதைச் சொன்னவர் மகனே.

ராம்ஜி அனுமதி மறுத்துவிட்டார். பாராட்டினால் பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும்; ஒரு தேர்வில் தேறியதைத் தவிர அவன் வேறொன்றும் செய்துவிடவில்லையே என்பது அவருடைய வாதம். ஏமாற்றம் அடைந்த ஊரார், ராம்ஜியின் நண்பரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கரிடம் சென்றனர். அவர் வந்து வாதாடிய பிறகே ராம்ஜி இணங்கினார். அந்தக் கூட்டத்தில் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பீமாராவுக்குப் பரிசளித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு 1956 அக்டோபரில் நாகபுரியில் நிகழ்ந்த மாபெரும் மதமாற்றத்துக்குச் செல்லும் நெடும் பாதை, ஒரு தந்தை தேவையில்லை என்று கருதிய அந்தக் கூட்டத்தில் கிடைத்த நூலிலிருந்து தொடங்குகிறது.

இந்த நிகழ்வில் இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. தேர்வு முடிவைச் சிறியதாகக் கருத வேண்டும் என்பது தந்தையின் நியாயம். மகன் ஒவ்வோர் இரவும் எழுந்து அமர்ந்த காட்சியைப் பார்த்தவர் அவர். அந்த உழைப்பின் அளவு அவருக்குத் தெரியும். முடிவுத்தாள் அவருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. மறுபுறம், ஊராரின் நியாயமும் குறைவானதன்று. பள்ளிக்குள் நுழையவே விடப்படாத மக்களுக்கு ஒரு பிள்ளையின் தேர்ச்சி தங்கள் எல்லோருடைய தேர்ச்சி. தனி மனிதருக்கு அது ஒரு தேர்வு மட்டுமே. சமூகத்துக்கு அது அடைக்கப்பட்ட கதவில் விழுந்த ஒரு விரிசல். கேளுஸ்கர் இந்த இரண்டையும் இணைத்தார். கூட்டத்தை நடத்தினார், அங்கே படிப்பதற்கு மேலும் ஒரு நூலைக் கொடுத்தார்.

கேளுஸ்கரின் பங்கு அத்துடன் முடியவில்லை. சர்னி ரோடு பூங்காவில் மாலை வேளைகளில் தனியாக அமர்ந்து படித்துக்கொண்டிருந்த பீமாராவை அவர் முன்பே கவனித்திருந்தார். கல்லூரிப் படிப்பு பணமின்றி நிற்கும் நிலை வந்தபோது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துச் சென்று மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். ராம்ஜியின் ஓய்வூதியத்தில் பாதி அந்தத் தொகை. பெற்றோரின் உழைப்பு எட்டும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லையில் வேறொரு கை நீளாவிட்டால் எவ்வளவு உழைத்த பிள்ளையும் அங்கேயே நின்றுவிடும்.

யார் கொடுத்த விலை?

ராம்ஜியைப் போற்றும்போது ஓர் உண்மையை மறைத்துவிடக் கூடாது. அந்த வீட்டின் வருவாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதவில்லை. இருவரையும் படிக்க வைக்க முடியாத நிலையில் அண்ணன் ஆனந்தராவின் படிப்பு நிறுத்தப்பட்டது. அவர் வேலைக்குப் போனார். தம்பி பள்ளிக்குப் போனார். மகளின் நகை அடகுக் கடைக்குப் போய் வந்தது. நகை தந்த மகளும் வேலைக்குப் போன மகனும் எந்தப் பாராட்டுக் கூட்டத்திலும் மேடையேறவில்லை.

இந்தக் கணக்கை மகன் மறந்துவிடவில்லை என்றே தோன்றுகிறது. நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த நாட்களில் தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பெற்றோர் பிள்ளைக்குப் பிறப்பை மட்டுமே தருகிறார்கள், அதன் வினைப்பயனை மாற்ற அவர்களால் ஆகாது என்ற எண்ணத்தை முற்றிலும் கைவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறார். பிள்ளையின் எதிர்காலத்தை உருவாக்குவது பெற்றோரால் இயலும் என்கிறார். ஆண் பிள்ளைகளின் கல்வியோடு பெண் பிள்ளைகளின் கல்வியும் சேர்ந்து நடந்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்க வயது. தலையெழுத்து என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் பெற்றோருக்கும், மகனுக்கு மட்டும் போதும் என்று நினைக்கும் பெற்றோருக்கும் அந்தக் கடிதம் ஒருசேரப் பதில் சொல்கிறது.

சூரத்தில் தவறிய ரயில்

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்ததும், உதவித்தொகை தந்த பரோடா அரசில் பணியாற்ற 1913 ஜனவரியில் பீமாராவ் புறப்பட்டார். ராம்ஜிக்கு அதில் விருப்பமில்லை. அந்த ஊரில் சாதி தம் மகனை எப்படி நடத்தும் என்ற அச்சம் அவருக்கு. அவர் அஞ்சியது சரியென்று பின்னர் தெரிந்தது.

சில நாட்களிலேயே தந்தை நோய்வாய்ப்பட்ட செய்தி தந்தியில் வந்தது. மகன் உடனே ரயிலேறினார். வழியில் சூரத் நிலையத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கினார். அதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது. அடுத்த ரயிலைப் பிடித்துப் பம்பாய் வந்து சேர்வதற்கு மறுநாள் ஆகிவிட்டது. மகனைக் காண்பதற்காகவே உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்போல் கிடந்த ராம்ஜி, வந்த மகனைத் தடவிக்கொடுத்தார். பிறகு உயிர் பிரிந்தது. அன்று 1913 பிப்ரவரி 2.

மகன் பட்டதாரி ஆனதை மட்டுமே ராம்ஜி பார்த்தார். அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றதை அவர் பார்க்கவில்லை. முதுகலைப் பட்டத்தையும் முனைவர் பட்டங்களையும் பார்க்கவில்லை. லண்டனில் அண்ணல் அளித்த ஆய்வேட்டை 1923இல் தேர்வாளர்கள் ஏற்காமல் திருத்தி எழுதச் சொன்னதையும் பார்க்கவில்லை. அந்தப் பின்னடைவின்போது இரவில் விழித்திருந்து எழுப்ப யாரும் இல்லை. திருத்தி எழுதி, அதே ஆண்டில் பட்டத்தைப் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அந்த நூல் அவருடைய தாய் தந்தையரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

தந்தை செய்ததை நிறுவனமாக்கிய மகன்

வழக்கறிஞராகத் திரும்பிய அண்ணல் 1924இல் ஒடுக்கப்பட்டோர் நலச் சங்கமான பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அதன் முதற்பணிகளில் ஒன்று 1925இல் சோலாப்பூரில் திறக்கப்பட்ட மாணவர் விடுதி. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த ஆண்டுகளில் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். 1944இல் மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் வந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது.

விடுதி, உதவித்தொகை, நூலகம், கல்லூரி என்ற இந்த வரிசையைப் பரேல் அறையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படிக்க ஓர் இடம், எரிய ஒரு விளக்கு, வாங்க ஒரு நூல், கட்டணத்துக்குக் கொஞ்சம் பணம். ஒரு தந்தை தம் உறக்கத்தாலும் மகளின் நகையாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் தர முடிந்தவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக்க மகன் முயன்றார். ராம்ஜியிடம் ஓய்வூதியம் இருந்தது, எழுத்தறிவு இருந்தது. அவை இல்லாத பெற்றோர் நம்மில் மிகப் பலர். அவர்களும் ராம்ஜியாக வேண்டும் என்று உபதேசிப்பது அநீதி. அவர்களால் தர இயலாததை அரசும் சமூகமும் தர வேண்டும் என்பதே அண்ணல் வகுத்த வழி.

நீதிமன்றமும் வீடும்

மருத்துவ இடங்களுக்கான அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டை எதிர்த்த நீல் ஆரேலியோ நூனெஸ் வழக்கில் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விரிவான காரணங்களை வெளியிட்டது. தகுதி என்பதைப் போட்டித் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணாகச் சுருக்கிவிட முடியாது என்றும், குடும்பச் சூழல், சமூகத் தொடர்புகள், பரம்பரையாகக் கிடைக்கும் திறன்கள் ஆகியவற்றால் சில வகுப்பினருக்குக் கிடைக்கும் சாதகத்தைத் தேர்வுகள் கணக்கில் கொள்வதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. 282 என்ற எண்ணைப் படிக்கும் முறையை நாட்டின் உயர்ந்த மன்றம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டிருக்கிறது எனலாம்.

நீதிமன்றத்தில் நாம் வெல்லும் இந்த வாதத்தை வீட்டில் தோற்றுவிடுகிறோம் என்பதுதான் கவலைக்குரியது. மதிப்பெண் தகுதியின் அளவுகோல் அல்ல என்று இட ஒதுக்கீட்டு மேடையில் முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் மகளின் மதிப்பெண்ணைக் கொண்டே அவளை எடைபோடுகிறோம். அதிக மதிப்பெண் என்றால் தெருவில் பதாகை. குறைந்தால் வீட்டில் மௌனம். இரண்டுமே பிள்ளையின் உழைப்பைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பவை. வெளியே ஆதிக்கச் சாதியினர் நம் பிள்ளைகள்மீது வைக்கும் அதே அளவுகோலை நாமே எடுத்து வைக்கும்போது, அந்தப் பிள்ளைக்குத் திரும்பிச் செல்ல வேறு இடம் இல்லாமல் போகிறது.

மதிப்பெண்ணே தேவையில்லை என்பது இதன் பொருளன்று. ராம்ஜி அப்படி நினைத்திருந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுப்பியிருக்க மாட்டார். தேர்வைக் கடக்காமல் அடுத்த கதவு திறக்காது என்பது அவருக்குத் தெரியும். உழைப்பில் கண்டிப்பு, முடிவில் நிதானம் என்பதே அவர் நடந்துகாட்டிய முறை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆண்டு முழுவதும் பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, வகுப்பில் என்ன அவமதிப்பைச் சந்திக்கிறது என்று கேட்பதில்லை. முடிவு நாளன்று மட்டும் கடுமையான நீதிபதியாகிவிடுகிறோம்.

இந்தப் பொறுப்பு பெற்றோருடன் முடிவதில்லை. இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கேளுஸ்கரின் இடத்தில் நிற்கக் கூடியவர்கள். தெருவில் தேர்ச்சி பெற்ற பிள்ளைக்குச் சால்வை போர்த்துவதோடு நில்லாமல் அடுத்த ஆண்டுக்கான நூலையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் கையில் தர முடியும். தேர்ச்சி பெறாத பிள்ளையின் வீட்டுக்கும் அதே நாளில் சென்று, துணைத் தேர்வுக்கு யார் பாடம் சொல்லித் தருவது என்று பேச முடியும். உங்கள் பகுதியிலுள்ள ஆதிதிராவிடர் நல விடுதிக்குள் சென்று, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், படிப்பதற்குத் தனி இடம் உண்டா, இரவில் விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது, உதவித்தொகை எந்த மாதம் வந்து சேர்ந்தது என்று கேட்க முடியும். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அளிக்க முடியும். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு, நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.